பிரின்ஸ் எட்வர்ட் தீவில் குடியேறுவோருக்கு: நிலத்திலிருந்து தொடங்கும் வழிகாட்டி

கனடாவின் பத்து மாகாணங்களில் பரப்பிலும் மக்கள்தொகையிலும் மிகச் சிறியது பிரின்ஸ் எட்வர்ட் தீவு. அதன் பரப்பு ஏறத்தாழ 5,660 சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பில் அங்கே வாழ்ந்தவர்கள் 1,54,331 பேர். படிக்கவும் வேலை தேடியும் நிரந்தர வதிவிட உரிமையை எதிர்பார்த்தும் வருகிறவர்கள் குளிராடை எங்கே வாங்குவது, ஓட்டுநர் உரிமத்தை எப்படி மாற்றுவது என்பனவற்றை விரைவாகவே தெரிந்துகொள்கிறார்கள். ஆனால் தேர்தல் மேடையிலும் தேநீர்க் கடையிலும் நிலத்தைப் பற்றி இவ்வளவு சூடாக ஏன் பேசுகிறார்கள் என்பது அவர்களில் பலருக்கு நெடுநாள் புரிவதில்லை. இந்தத் தீவில் வரலாறு, வேலை, அரசியல், குடிநீர், வீட்டு விலை எல்லாமே நிலக் கேள்வியில் வேர்கொண்டவை என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே இந்த வழிகாட்டி அங்கிருந்தே தொடங்குகிறது.

முதற்படி: வரைபடத்தையும் ஊர்ப்பெயர்களையும் பழகிக்கொள்ளுங்கள்

தீவு பிறை வடிவானது. அதன் நீளம் சுமார் 224 கிலோமீட்டர். அகலம் சில இடங்களில் ஆறே கிலோமீட்டர், மிக அகன்ற இடத்தில் 64. பிரின்ஸ், குயின்ஸ், கிங்ஸ் என்று மேற்கிலிருந்து கிழக்காக மூன்று மாவட்டங்கள் உள்ளன. மாநகரம் என்னும் தகுதி பெற்றவை தலைநகரான சார்லட்டவுனும் மேற்கே உள்ள சம்மர்சைடும் மட்டுமே. உள்ளூர்க்காரர்கள் மேற்கே போவதை ஏறிப் போவதாகவும் கிழக்கே போவதை இறங்கிப் போவதாகவும் சொல்வார்கள். வழி கேட்கும்போது இது குழப்பாமலிருக்க முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

நிலப்பரப்பிலிருந்து தீவுக்குச் சாலைவழி ஒன்றே உண்டு. நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து வரும் 12.9 கிலோமீட்டர் நீளமுள்ள கான்ஃபெடரேஷன் பாலம் 1997 மே 31 அன்று திறக்கப்பட்டது. சுங்கக் கட்டணம் தீவைவிட்டு வெளியேறும்போதுதான் வாங்கப்படும். 2025 ஆகஸ்ட் முதல் காருக்கு அது 20 டாலராகக் குறைக்கப்பட்டது. கிழக்கே வுட் ஐலண்ட்ஸ் துறையிலிருந்து நோவா ஸ்கோஷியாவின் கரிபூவுக்குப் படகுச் சேவை உண்டு. பயணம் 75 நிமிடம் எடுக்கும். கடல் உறையும் மாதங்களில் சேவை நின்றுவிடும். பலத்த காற்று வீசும் நாட்களில் உயரமான வாகனங்களைப் பாலத்தில் விடமாட்டார்கள். எனவே வீட்டுச் சாமான்களை லாரியில் கொண்டுவருகிறவர்கள் புறப்படும் முன் வானிலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய பத்திரங்களிலும் சில ஊர்ப் பெயர்ப்பலகைகளிலும் ‘லாட் 16’ என்பது போன்ற எண்களைக் காண்பீர்கள். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால் தீவின் பாதி வரலாறு தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: நிலத்தின் கதையைக் கேளுங்கள்

இந்த மண்ணின் முதற்குடிகள் மிக்மாக் மக்கள். அவர்கள் தீவை எபெக்விட்க் என்று அழைத்தார்கள்; நீரின்மேல் கிடப்பது என்பது அதன் பொருள். 1534-இல் ஜாக் கார்ட்டியே இக்கரையைக் கண்டார். 1720-இல் இன்றைய சார்லட்டவுனுக்கு எதிரே பிரெஞ்சுக்காரர்கள் குடியேற்றம் அமைத்து, தீவை ஈல் சேன்-ஜான் என்று அழைத்தார்கள். அலை வந்து போகும் உப்புநீர்ச் சதுப்பை அணைகட்டி வயலாக்கும் கலையில் தேர்ந்த அக்காடியர் என்னும் பிரெஞ்சு வழி உழவர்கள் இங்கே பெருகினார்கள். 1758-இல் பிரெஞ்சுக்காரர்களின் லூயிபூர்க் கோட்டை வீழ்ந்ததும் ஆங்கிலேயர் அவர்களில் ஏறத்தாழ 3,000 பேரைக் கப்பலேற்றி நாடுகடத்தினார்கள். அக்கப்பல்களில் வயலெட், டியூக் வில்லியம் என்ற இரண்டும் அந்த ஆண்டு டிசம்பரில் அட்லாண்டிக்கில் மூழ்கியதால் பல நூறு பேர் மடிந்தார்கள். காட்டுக்குள் ஒளிந்து தப்பியவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் இங்கே வாழ்கிறார்கள்.

1763-இல் தீவு பிரிட்டனுக்கு உரியதானது. அடுத்த ஈராண்டுகளில் சாமுவேல் ஹாலண்ட் என்ற நில அளவையாளர் அதை ஏறத்தாழ 20,000 ஏக்கர் கொண்ட, ‘லாட்’ என்று எண்ணிட்ட 67 கூறுகளாகப் பிரித்தார். 1767-இல் லண்டனில், ஒரே நாளில், சீட்டுக் குலுக்கி அந்தக் கூறுகள் அரசுக்கு வேண்டியவர்களுக்கும் படை அதிகாரிகளுக்கும் வழங்கப்பட்டன. பெற்றவர்களில் பெரும்பாலோர் தீவைக் கண்ணாலும் கண்டதில்லை. பத்தாண்டுக்குள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் குடிகளை அமர்த்த வேண்டும், அரசுக்கு நிலவரி செலுத்த வேண்டும் என்ற நிபந்தனைகளையும் அவர்களில் பலர் நிறைவேற்றவில்லை. ஆனாலும் ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்து, மரம் வெட்டி, வேரைப் பிடுங்கி, நிலத்தைத் திருத்தியவர்கள் நூறாண்டுக்கும் மேலாக அந்தக் காணாத உடைமையாளர்களுக்குக் குத்தகை கட்ட நேர்ந்தது. தன் கையால் திருத்திய வயலுக்குத் தான் உரிமையாளன் இல்லை என்ற மனக்குமுறலில் பிறந்ததே இந்தத் தீவின் அரசியல்.

நிபந்தனையை மீறியவர்களின் நிலத்தை அரசே திரும்ப எடுத்துக் குடிகளுக்குத் தர வேண்டும் என்று வில்லியம் கூப்பர் தலைமையில் எழுந்த இயக்கம் 1838 தேர்தலில் வெற்றி பெற்றது. லண்டன் அதற்கு இணங்கவில்லை. 1864-இல் குத்தகைதாரர் சங்கம் உருவாகி, குத்தகை செலுத்துவதில்லை என்று உறுதி எடுத்தது. வசூலிக்க வந்த அதிகாரிகளை ஊரார் ஊதுகொம்பு ஒலித்து ஒருவரையொருவர் எச்சரித்து எதிர்கொண்டார்கள். 1865-இல் அவர்களை அடக்க ஹாலிஃபாக்ஸிலிருந்து படை வரவழைக்கப்பட்டது. கனடா என்ற நாட்டை உருவாக்கும் பேச்சு முதன்முதலாக நடந்த சார்லட்டவுன் மாநாடும் இதே 1864-இன் செப்டம்பரில்தான் கூடியது. சுற்றுலா வழிகாட்டிகள் மாநாட்டைப் பற்றி நிறையச் சொல்வார்கள்; அதே காலத்தில் கிராமங்களில் நடந்த குத்தகைப் போரையும் சேர்த்துக் கேட்டால்தான், மாநாட்டை நடத்திய தீவே 1867-இல் கனடாக் கூட்டமைப்பில் சேராமல் விலகி நின்றதன் காரணம் விளங்கும். உடைமையாளர்களிடமிருந்து நிலத்தை விலைக்கு வாங்கப் பணம் கிடைக்கும் என்ற உறுதி அப்போது அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

1871-இல் தொடங்கிய இருப்புப்பாதை வேலை தீவைக் கடனில் ஆழ்த்தியது. அக்கடனை ஏற்றுக்கொண்டு, நிலம் வாங்க 8,00,000 டாலரும் தருவதாகக் கனடா ஒப்புக்கொண்ட பிறகு, 1873 ஜூலை 1 அன்று தீவு கூட்டமைப்பில் சேர்ந்தது. 1875-இன் நிலக் கொள்முதல் சட்டம், விற்க மறுத்த பெரும் உடைமையாளர்களையும் விற்கச் செய்தது.

இதெல்லாம் பழங்கதை அல்ல. 1982-இன் நிலப் பாதுகாப்புச் சட்டப்படி இன்றும் ஒரு தனிமனிதர் 1,000 ஏக்கருக்கு மேலும் ஒரு நிறுவனம் 3,000 ஏக்கருக்கு மேலும் நிலம் வைத்திருக்க முடியாது. கனடாவில் வேறெங்கும் எளிதில் காண முடியாத கட்டுப்பாடு இது. அந்த வரம்பைச் சுற்றிவளைத்து நிலம் சில கைகளில் மறுபடி குவிகிறதா என்ற விவாதம் சட்டமன்றத்தில் ஓய்ந்ததே இல்லை. வெளியாட்களுக்கு நிலம் போவதைப் பற்றி ஒரு முதியவர் கடுமையாகப் பேசக் கேட்டால், அதை உங்கள்மீதான வெறுப்பு என்று உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருடைய கொள்ளுப்பாட்டனார் குத்தகை கட்டியவராக இருக்கலாம்.

மூன்றாம் படி: மனிதர்களை அறியுங்கள்

புதியவரைச் சந்திக்கும் தீவுக்காரர் கேட்கும் பழைய கேள்வி, “உங்கள் தகப்பனார் யார்?” என்பது. நம்மூரில் ‘எந்த ஊர், யார் வீடு’ என்று கேட்பதன் அதே பொருள்தான். உங்களை எந்தக் குடும்பத்தோடும் எந்தக் கிராமத்தோடும் பொருத்துவது என்று அவர் பார்க்கிறார். இங்கே பிறக்காதவர்களை ‘வெளியிலிருந்து வந்தவர்’ என்பார்கள். முப்பதாண்டு வாழ்ந்தவருக்கும் அந்தப் பெயர் ஒட்டியிருக்கும். அதில் பகை இல்லை.

பெரும்பான்மையோர் ஸ்காட்டிஷ், ஐரிஷ், ஆங்கில வழியினர். 1803-இல் செல்கர்க் பிரபு ஏறத்தாழ 800 மேட்டுநில ஸ்காட்லாந்தியர்களைத் தென்கிழக்குக் கரையில் குடியேற்றினார். அக்காடியப் பிரெஞ்சு இன்றும் மேற்கே எவாஞ்சலின் பகுதியில் பேச்சுமொழி. மிக்மாக் மக்களுக்கு அபெக்வெய்ட், லெனக்ஸ் ஐலண்ட் என இரு சமூகங்கள் உள்ளன. 1880-களிலிருந்து தோளில் மூட்டை சுமந்து வீடுவீடாக வணிகம் செய்த லெபனான் குடும்பங்கள் பின்னர் கடைகளும் அரசியலுமாக வேரூன்றின. அவர்களின் வழிவந்த ஜோ கீஸ் 1986-இல் முதல்வரானார். ஐரோப்பிய வழியினரல்லாத ஒருவர் கனடிய மாகாணமொன்றில் முதல்வரானது அதுவே முதல்முறை. 2016 முதல் ஒன்டாரியோவிலிருந்து ஆமிஷ் என்னும், பழைய முறையில் வாழும் கிறித்தவச் சமூகத்து உழவர்கள் வந்து கிழக்கே நிலம் வாங்கியிருக்கிறார்கள். சாலையில் அவர்களின் குதிரை வண்டியைக் கண்டால் வேகத்தைக் குறையுங்கள்.

மக்கள்தொகையின் வரலாறும் அறிந்திருக்க வேண்டியது. 1891-இல் 1,09,078 ஆக இருந்த எண்ணிக்கை 1931-இல் 88,038 ஆகக் குறைந்தது. நிலம் போதாமல், வேலையும் இல்லாமல், இளைஞர்கள் பாஸ்டனுக்கும் பிறகு மேற்குக் கனடாவுக்கும் போய்விட்டார்கள். பிள்ளைகளை வழியனுப்பியே பழகிய ஊர், கடந்த சில ஆண்டுகளில் திடீரென ஆட்களை வரவேற்கும் ஊராக மாறியது. வீடும் மருத்துவரும் அதற்கேற்பப் பெருகவில்லை. நிரந்தர வதிவிட உரிமைக்குத் தான் பரிந்துரைக்கும் ஆட்களின் எண்ணிக்கையை மாகாணம் சுருக்கியபோது, விதி நடுவில் மாற்றப்பட்டதாகக் குற்றஞ்சாட்டி வெளிநாட்டுத் தொழிலாளர்கள், அவர்களில் பலர் இந்தியர்கள், 2024 மே மாதம் சார்லட்டவுனில் உண்ணாநிலைப் போராட்டம் நடத்தினார்கள். வதிவிட உரிமையை நம்பி வருகிறவர்களுக்கு நான் அழுத்தமாகச் சொல்வது இதுதான்: இன்றைய விதி அடுத்த ஆண்டும் இருக்கும் என்று கடன் வாங்காதீர்கள், முகவர் சொல்வதை அரசின் அறிவிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: செம்மண்ணைப் படியுங்கள்

பாலத்தைக் கடந்ததும் கண்ணில் படுவது மண்ணின் சிவப்பு. மணற்கல்லில் உள்ள இரும்பு துருவேறியதால் வந்த நிறம் அது. கல் இல்லாத, இலேசான, நீர் வடியும், சற்றே அமிலத்தன்மை உள்ள இந்த மண்ணைத்தான் உருளைக்கிழங்கு விரும்புகிறது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 85,000 ஏக்கரில் கிழங்கு நடப்படுகிறது. இவ்வளவு சிறிய மாகாணம் கனடாவின் மொத்த விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தருகிறது. மே மாதத்தில் நடவு. செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் வரை அறுவடை. பிறகு பெரிய கிடங்குகளில் குளிர்காலம் முழுவதும் காத்து வைத்துச் சிறிது சிறிதாக விற்பார்கள். விளைச்சலில் பாதிக்கும் மேல் உறைந்த வறுவலாக மாறுகிறது. சம்மர்சைடுக்கு அருகே நியூ ஆனனில் கேவண்டிஷ் ஃபார்ம்ஸ் ஆலைகள் உள்ளன. எஞ்சியது சமையல் கிழங்காகவும் விதைக்கிழங்காகவும் போகிறது.

ஒரே வயலில் ஆண்டுதோறும் கிழங்கு நட்டால் மண்ணின் சத்து கரைந்து, சரிவில் மழை அதை அரித்துக்கொண்டு போகும். ஆகவே மூன்றாண்டுக்கு ஒருமுறை மட்டுமே கிழங்கு என்ற பயிர்ச் சுழற்சியைச் சட்டமே வற்புறுத்துகிறது. ஓராண்டு கிழங்கு, மறு ஆண்டு வாற்கோதுமை, அதன் அடியில் விதைத்த குளோவர் என்னும் தீவனப் பயிரும் புல்லும் மூன்றாம் ஆண்டு என்பது வழக்கமான முறை. ஓடைக்கரையிலிருந்து 15 மீட்டர் தள்ளித்தான் உழ வேண்டும். அப்படியும் கோடைப் பெருமழைக்குப் பின் பூச்சிமருந்து ஆற்றில் கலந்து மீன்கள் செத்து மிதந்த ஆண்டுகள் உண்டு. உழவர்களை மட்டும் குற்றம் சொல்வது எளிது. விலையைத் தீர்மானிக்கும் இடத்தில் அவர்கள் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் 10,000-க்கு மேல் இருந்த பண்ணைகள் 2021-இல் 1,195 ஆகிவிட்டன.

கிழங்கு மரு நோய் என்ற சொல்லை இங்கே எல்லாரும் அறிவார்கள். மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும் ஒரு பூஞ்சை அதற்குக் காரணம். மனிதருக்குக் கேடில்லை; ஆனால் அது கண்டறியப்பட்டால் ஏற்றுமதி முடங்கும். 2000-இலும், மறுபடி 2021 நவம்பரிலும் அமெரிக்கச் சந்தை மூடப்பட்டது. இரண்டாம் முறை, நல்ல கிழங்கைக் கொள்வாரில்லாமல் உழவர்கள் வயலில் கொட்டிப் பனியில் உறையவிட்டு அழித்தார்கள். 2022 ஏப்ரலில் சமையல் கிழங்குக்கான வழி திறந்தது. ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு மண் போவதே இந்நோய் பரவும் வழி. ஆகவே அனுமதியின்றி யாருடைய வயலிலும் கால் வைக்காதீர்கள். பண்ணை வேலைக்குப் போனால் காலணியையும் கருவிகளையும் கழுவச் சொல்வார்கள், அதை மனமாரச் செய்யுங்கள்.

ஐந்தாம் படி: கடலின் நாட்காட்டியை மனத்தில் பதியுங்கள்

கடல் வருமானத்தில் முதலிடம் லாப்ஸ்டர் என்னும் பெரிய சிங்கி இறாலுக்கு. வடக்கு, கிழக்குக் கரைகளில் ஏப்ரல் இறுதி அல்லது மே தொடக்கத்திலிருந்து ஜூன் இறுதி வரையும், தென்மேற்கே நார்தம்பர்லாந்து நீரிணையில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையும் பருவம். லாப்ஸ்டரைப் பிடிக்கும் கூடுகளைக் கடலில் இறக்கும் முதல் நாள் விடியலில் துறைமுகத்தில் ஊரே திரண்டு நின்று படகுகளை வழியனுப்பும். அன்று ஒருமுறை போய் நில்லுங்கள். ஓராண்டில் பழகாத மனிதர்கள் ஒரே காலையில் பழகிவிடுவார்கள். மீன்பிடி உரிமங்கள் எண்ணிக்கை வரம்புக்குட்பட்டவை, விலையும் மிக அதிகம். எனவே புதியவர்களுக்கு வாய்ப்பு படகில் கையாளாகவோ, கரையில் பதப்படுத்தும் ஆலையிலோதான்.

கனடாவில் வளர்க்கப்படும் மசல் மட்டியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இத்தீவின் கழிமுகங்களில் விளைகிறது. நீண்ட கயிறுகளிலிருந்து தொங்கும் வலையுறைகளில் மட்டிக் குஞ்சுகளை நிரப்பி வளர்க்கிறார்கள். குளிர்காலத்தில் பனிக்கட்டியை அறுத்துத் துளையிட்டு அறுவடை செய்வார்கள். மால்பெக் விரிகுடாவின் ஆய்ஸ்டர் சிப்பி 1915-இல் ஒரு நோயால் அழிந்து, தாங்கி நின்ற சிப்பிகளின் வழியே பல பத்தாண்டுகளில் மீண்டது. 2024-இல் எம்.எஸ்.எக்ஸ். என்ற வேறொரு சிப்பிநோய் பெடெக் விரிகுடாவில் கண்டறியப்பட்டது. தின்பவருக்கு அதனால் தீங்கில்லை என்றாலும் வளர்ப்பவர்கள் அஞ்சியிருக்கிறார்கள்.

ஆறாம் படி: வேலையைப் பருவத்தோடு பொருத்துங்கள்

மே முதல் அக்டோபர் வரை வயல், படகு, ஆலை, சுற்றுலா விடுதி என எங்கும் ஆள் தேவை. நவம்பருக்குப் பிறகு பலவும் மூடிவிடும். உள்ளூர்க் குடும்பங்கள் பல கோடையில் உழைத்துக் குளிர்காலத்தில் வேலையின்மைக் காப்பீட்டில் வாழ்கின்றன. அதை இழிவாகப் பேசும் புதியவர்கள் இருக்கிறார்கள். பருவத்தை நம்பிய பொருளாதாரத்தில் ஆட்களை ஊரிலேயே தக்கவைக்கும் ஏற்பாடு அது என்பதை அவர்கள் அறியவில்லை. காப்பீட்டுக்குத் தேவையான வேலை மணிகள் எத்தனை என்பதை முன்கூட்டியே விசாரியுங்கள். சம்பளச் சீட்டுகளைத் தவறாமல் சேர்த்து வையுங்கள்.

ஆண்டு முழுவதும் வேலை தேடுகிறவர்கள் அரசுத்துறை, மருத்துவம், முதியோர் பராமரிப்பு, கட்டுமானம், 1969-இல் உருவான மாகாணப் பல்கலைக்கழகம், சார்லட்டவுனின் உயிரித்தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சம்மர்சைடின் விமானப்படைத் தளம் மூடப்பட்டபின், அவ்விடத்தில் ஸ்லெமன் பார்க் என்ற பெயரில் விமானப் பழுதுபார்ப்புத் தொழில் வளர்ந்திருக்கிறது. இயந்திரப் பயிற்சி உள்ளவர்களுக்கு அது நல்ல இடம். விற்பனை வரி 15 விழுக்காடு என்பதைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வந்த வாரமே மாகாண உடல்நல அட்டைக்கு விண்ணப்பித்து, குடும்ப மருத்துவருக்கான காத்திருப்புப் பட்டியலிலும் பெயரைப் பதியுங்கள். அந்தப் பட்டியல் நீளமானது.

ஏழாம் படி: வீடு, கிணறு, கரை

வாடகைக்கு வரும்போது, முந்தைய குடியிருப்பாளர் எவ்வளவு கொடுத்தார் என்று தயங்காமல் கேளுங்கள். இங்கே வாடகை வீட்டோடு பிணைந்தது. ஆள் மாறினார் என்பதற்காக உரிமையாளர் அதை உயர்த்த முடியாது, ஆண்டு உயர்வுக்கும் வரம்பு உண்டு. மீறல் இருந்தால் ஐராக் எனப்படும் ஒழுங்குமுறை ஆணையத்தில் முறையிடலாம்.

கிராமத்தில் வீடு வாங்குவதானால் முதலில் பார்க்க வேண்டியது குடிநீர். தீவின் குடிநீர் முழுவதும் நிலத்தடி நீர்தான். நகரத்துக்கு வெளியே பெரும்பாலான வீடுகளுக்குத் தனிக் கிணறும் செப்டிக் தொட்டியும் உண்டு. வயலுக்கு இடும் உரம் மணற்கல் வழியே இறங்கிக் கிணற்றில் நைட்ரேட்டாகச் சேரும். கைக்குழந்தை உள்ள வீட்டில் அது ஆபத்தானது. ஆகவே பாக்டீரியா, நைட்ரேட் இரண்டுக்கும் மாகாண ஆய்வகத்தில் நீரைச் சோதித்த பிறகே விலை பேசுங்கள். குடியேறிய பின்னும் ஆண்டுதோறும் சோதியுங்கள். பாசனத்துக்கு ஆழ்கிணறு தோண்ட 2002-இல் விதித்த தடை இருபதாண்டு நீடித்ததும், அதை நீக்கியபோது எழுந்த சண்டையும் இந்த ஒற்றை நீர்வளத்தைப் பற்றிய கவலையால்தான்.

நிலமாக வாங்குவதற்கு, தீவில் வசிப்பவர் என்ற தகுதி முக்கியம். அந்தத் தகுதி இல்லாதவர் 5 ஏக்கருக்கு மேலோ, 165 அடிக்கு மேல் கடற்கரை முகப்புள்ள நிலமோ வாங்க மாகாண அமைச்சரவையின் அனுமதி வேண்டும். 1767-இன் சீட்டுக் குலுக்கலை மறக்காத சட்டம் அது. டொரொன்டோவில் வேலையும் இங்கே மனையும் என்று திட்டமிடுகிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் இதைக் கேட்டுத் தெளிய வேண்டும்.

கடலைப் பார்த்த வீட்டின்மேல் ஆசை எல்லாருக்கும் வரும். ஆனால் தீவின் கரை கடினப் பாறை அல்ல, மென்மையான செம்மணற்கல். அலையும் உறைபனியும் அதை ஆண்டுதோறும் கரைத்துக்கொண்டே இருக்கின்றன. 2022 செப்டம்பர் 24 அன்று வீசிய ஃபியோனா புயலில் வடகரையின் மணல்மேடுகளும் குன்றுமுகங்களும் ஒரே இரவில் பல மீட்டர் பின்வாங்கின. கையெழுத்திடும் முன் வீட்டுச் சுவரிலிருந்து குன்றின் விளிம்புவரை நாடா பிடித்து அளந்துகொள்ளுங்கள். பிறகு பக்கத்து வீட்டுப் பெரியவரிடம், அவர் சிறுவனாக இருந்தபோது அந்த விளிம்பு எங்கே இருந்தது என்று கேளுங்கள். அவர் கடலுக்குள்தான் கை காட்டுவார்.